இமயத்தின் மடியில் குடியேறிய ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக்

குலு, மணாலி என்றதும் நம்மில் பலருக்கு ஆப்பிள் தோட்டங்களும், ரோதாங் கணவாயின் பனியும், கல்யாணமான கையோடு சுற்றுலா வரும் இளம் தம்பதியரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். மணாலிக்குச் சற்றுத் தெற்கே, பியாஸ் நதியின் இடது கரை மேட்டில் நக்கர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் குலு ராஜாக்களின் தலைநகராக இருந்த ஊர். பியாஸ் என்பது புராணங்களில் வரும் விபாசா நதியேதான். புத்திர சோகத்தால் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நதியில் குதித்த வசிஷ்டரின் பாசங்களை அவிழ்த்துக் கரையில் சேர்த்ததால் அதற்கு அந்தப் பெயர் வந்ததாக மஹாபாரதம் சொல்கிறது. அந்த நதிக்கரை மலைச்சரிவில், தேவதாரு மரங்களுக்கு நடுவே மரமும் கல்லும் சேர்த்துக் கட்டிய ஒரு மாடி வீட்டில், 1928 முதல் 1947 வரை ஒரு ரஷ்யக் குடும்பம் வாழ்ந்தது. குடும்பத் தலைவர் பெயர் நிக்கோலஸ் ரோரிக். உலகம் அறிந்த ஓவியர்.

அவர் ஓவியங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நேரில் பார்க்காதவர்கள்கூட நாட்காட்டிகளிலும் புத்தக அட்டைகளிலும் அவற்றைப் பார்த்திருக்கக்கூடும். லடாக், லாஹுல், திபெத் பகுதிகளின் மலைக்கிராமங்களையும் மடாலயங்களையும் அவர் மறுபடி மறுபடி வரைந்தார். படத்தின் அடிப்பகுதியில் காவியும் பழுப்புமாக ஒரு சரிவு. அதன்மேல் பெட்டி பெட்டியாக ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் தட்டைக்கூரை வீடுகள். ஜன்னல்கள் வெறும் கரும்புள்ளிகள். ஓரமாக ஒரு வெள்ளை ஸ்தூபி. மனிதர் யாராவது இருந்தால் அரிசிமணி அளவில் ஒருவர், இருவர். இவையெல்லாம் சேர்ந்து படத்தில் கால்வாசி இடம் பிடித்தால் அதிகம். மற்ற இடம் முழுவதும் மலை. ஊதா, கருநீலம், வெளிர்நீலம், கடைசியில் வெண்மை என்று அடுக்கடுக்காக எழும் மலை. அதற்கும் மேலே மஞ்சளோ இளம்பச்சையோ கலந்த ஒரு வானம்.

முதல்முறை பார்க்கிறவருக்கு இதெல்லாம் அலங்காரக் கற்பனை என்று தோன்றும். பாறையில் வெடிப்பு இல்லை, சுவரில் கறை இல்லை, மரத்தில் இலை இல்லை. கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியது போன்ற கோடுகள். இப்படி எல்லாம் நிறம் இருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் லடாக் சென்று வந்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. நாலாயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிந்து வறண்டிருக்கும். தூசியும் நீராவியும் குறைவு. சமவெளியில் தூரத்து மலை மங்கித் தெரியும். அங்கேயோ முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலையும் அடுத்த தெருவில் நிற்பது போல் விளிம்பு வெட்டித் தெரியும். வீடுகள் அப்படி ஒட்டிக்கொண்டு நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. உழுவதற்கு ஏற்ற மண் கையளவுதான். அதை வீடு கட்டி வீணாக்க முடியாது. ஆகவே பாறைமேட்டில், வெயில் படும் பக்கம் பார்த்து, ஒன்றின் சுவரோடு ஒன்று சேர்த்துக் கட்டுகிறார்கள். குளிருக்காகச் சுவர் தடிமன், ஜன்னல் சிறிசு. மழை அபூர்வம் என்பதால் கூரை தட்டை. குளிர்காலத்துக்கு வேண்டிய தீவனத்தையும் விறகையும் அதன்மேல் அடுக்கிவைப்பார்கள். ரோரிக் தேவையற்றதை விட்டார், இல்லாததைச் சேர்க்கவில்லை. 1961ல் விண்வெளிக்குச் சென்ற யூரி ககாரின், பூமியின் விளிம்பில் தாம் கண்ட நிறங்கள் ரோரிக்கின் ஓவியங்களை நினைவூட்டியதாகக் குறித்திருக்கிறார்.

இந்த எளிமை ஒரு நாளில் வந்ததல்ல. அதன் கதை ரஷ்யாவில் ஆரம்பமாகிறது.

நிக்கோலஸ் ரோரிக் 1874ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை கான்ஸ்டன்டின் பத்திரப்பதிவு சார்ந்த நோட்டரி தொழில் செய்தவர், வசதியான குடும்பம். நகருக்கு வெளியே இஸ்வாரா என்ற இடத்தில் அவர்களுக்கு ஒரு பண்ணை இருந்தது. அதன் சுற்றுப்புறத்தில் பழங்கால மண்மேடுகள் பல. முன்னோரைப் புதைத்த இடங்கள். பள்ளிப் பருவத்திலேயே இவற்றைத் தோண்டிப் பார்க்கும் ஆவல் சிறுவனுக்கு வந்துவிட்டது. மண்ணுக்குள்ளிருந்து வரும் ஒரு வளையலோ பானை ஓடோ போதும், அதை வைத்து அந்தக் கால மனிதர்களின் வாழ்க்கையை மனத்தில் கட்டிப் பார்ப்பார். இந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

மகன் வக்கீலாக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ ஓவியம். நம் வீடுகளில் நடக்கும் வாக்குவாதம்தான் அங்கேயும் நடந்தது. முடிவில் 1893ல் பையன் இரண்டு இடங்களிலும் சேர்ந்தார். பல்கலைக்கழகத்தில் சட்டம், கலை அகாடமியில் ஓவியம். இரண்டையும் முடித்தார் என்பது அவருடைய உழைப்புக்குச் சான்று. ஓவிய ஆசிரியராக வாய்த்தவர் அர்கிப் குயிஞ்சி. ஒளியை வரைவதில் ரஷ்யாவில் அவருக்கு நிகர் இல்லை என்று பெயர். ஒரு காட்சியில் எது இல்லாவிட்டாலும் பரவாயில்லையோ அதையெல்லாம் எடுத்துவிடும் கலையை ரோரிக் இவரிடம்தான் கற்றார். 1897ல் மாணவர் கிளர்ச்சியை ஆதரித்ததற்காகக் குயிஞ்சி அகாடமியை விட்டு விலக்கப்பட்டபோது சீடரும் கூடவே வெளியேறினார். அந்த வருஷமே அவருடைய பட்டப்படிப்பு ஓவியத்தை மாஸ்கோவின் பெரிய கலைப்புரவலர் திரெத்யகோவ் விலைக்கு வாங்கித் தம் புகழ்பெற்ற காட்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். இருபத்துமூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

1901ல் ஹெலனா ஷபோஷ்னிகோவாவை மணந்தார். ஹெலனா சங்கீதம் அறிந்தவர். ராமகிருஷ்ணர், விவேகானந்தர் நூல்களையும் உபநிஷத்துக்களையும் ஈடுபாட்டோடு வாசித்தவர். பிளவாட்ஸ்கி அம்மையாரின் பெரிய நூலான ரகசியக் கோட்பாட்டைப் பின்னாளில் ரஷ்ய மொழியில் பெயர்த்தவரும் இவரே. இந்தியாவை நோக்கிக் குடும்பத்தைத் திருப்பியதில் ஹெலனாவின் பங்கு பெரிது. மூத்த மகன் யூரி (ஜார்ஜ் என்றும் சொல்வர்) 1902லும், இளையவர் ஸ்வெதஸ்லாவ் 1904லும் பிறந்தனர்.

1903, 1904 ஆகிய இரண்டு கோடைகளில் தம்பதியர் ரஷ்யாவின் பழைய நகரங்களைச் சுற்றினார்கள். கோட்டை, மாதாகோவில், மரமண்டபம் என்று எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்களை ரோரிக் வரைந்தார். போன இடமெல்லாம் அவர் கண்டது சிதைவு. பழைய சுவரோவியத்தின்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கோட்டைச் சுவரின் கல்லைப் பெயர்த்து வேறு வேலைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். நம் ஊர்க் கோவில்களில் கல்வெட்டின்மேல் வண்ணம் பூசுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். இவற்றைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவர் மனத்தில் விழுந்துவிட்டது. மனிதன் கட்டியது எதுவாயினும், பெரிய அரண்மனையோ மலையுச்சிக் குடிசையோ, அது அழியக்கூடியது என்ற கவலையோடுதான் பின்னர் அவர் இமயமலைக் கிராமங்களையும் பார்த்தார் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கிடையே நாடக மேடையும் அவரை அழைத்தது. 1909ல் தியாகிலெவ் குழுவினர் பாரிஸில் நடத்திய நடன நிகழ்ச்சிக்கு அவர் வரைந்த பின்திரையில் புல்வெளி நாடோடிகளின் கூடாரங்கள் தரையோடு தரையாக இருந்தன. அவற்றின்மேல் பெரிய வானம். பிற்கால மலைக்கிராமப் படங்களின் விதை அங்கே தெரிகிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டுமானால் சின்னச்சின்ன விவரங்கள் பயன்படா. பெரிய வடிவமும் தெளிவான நிறமும்தான் போய்ச் சேரும். 1913 மே 29 அன்று பாரிஸில் அரங்கேறிய ஸ்ட்ராவின்ஸ்கியின் வசந்தச் சடங்கு என்னும் நடன நாடகத்துக்கு உடையும் காட்சியமைப்பும் ரோரிக்குடையவை. இசையையும் நடனத்தையும் சகிக்க முடியாமல் சபையில் கூச்சலும் ரகளையும் ஏற்பட்ட கதை பிரசித்தம். இன்று அதே படைப்பு இருபதாம் நூற்றாண்டு இசையின் மைல்கல் எனக் கொண்டாடப்படுகிறது.

நுரையீரல் உபாதைக்காக 1916ன் இறுதியில் குடும்பம் பின்லாந்துப் பகுதிக்கு இடம் மாறியது. அப்போது அது ரஷ்யப் பேரரசின் ஓர் அங்கம். அடுத்த ஆண்டில் புரட்சி வந்தது. பின்லாந்து தனி நாடானது. எல்லை மூடப்பட்டது. வைத்தியத்துக்காகப் போனவர் இருந்த இடத்திலேயே வெளிநாட்டவராகிவிட்டார்! அங்கிருந்து ஸ்வீடன், பிறகு லண்டன். 1920ல் லண்டனில் ரவீந்திரநாத தாகூரைச் சந்தித்தார். அதே ஆண்டு சிகாகோ கலைக்கழகத்தின் அழைப்பின்பேரில் அமெரிக்கா போனார். ஊர் ஊராகக் கண்காட்சி, சொற்பொழிவு. 1921ல் நியூயார்க்கில் எல்லாக் கலைகளையும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கும் பள்ளி ஒன்றையும், 1923ல் தம் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகத்தையும் ஸ்தாபித்தார். லூயி ஹார்ஷ் என்ற செல்வந்தர் பணம் தந்தார். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறார்.

1923 டிசம்பரில் குடும்பம் பம்பாயில் வந்து இறங்கியது. டார்ஜிலிங்கில் வீடு எடுத்துத் தங்கினார்கள். அங்கிருந்துதான் ரோரிக் முதன்முதலாகக் காஞ்சன்ஜங்காவை நாள்தோறும் பார்த்து வரைந்தார். 1925 ஜனவரியில் சென்னை அடையாறில் உள்ள பிரம்மஞான சபைக்கு வந்து, தூதர் என்ற தம்முடைய ஓவியம் ஒன்றைப் பிளவாட்ஸ்கி அம்மையார் நினைவாக அன்பளித்தார்.

அந்த ஆண்டே மத்திய ஆசியப் பிரயாணம் தொடங்கியது. ஸ்ரீநகர், லே, ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரமுள்ள காரகோரம் கணவாய், கோட்டான், காஷ்கர், உரும்சி, அல்டாய் மலை, மங்கோலியா, கடைசியில் திபெத். மூன்று வருஷங்களுக்கு மேல்; குதிரையிலும், ஒட்டகத்திலும், யாக் எருதுகளிலும். மனைவியும் மூத்த மகனும் கூடவே. நடுவில் 1926 கோடையில் மாஸ்கோவுக்கும் போய் வந்தார். இமயத்து மஹாத்மாக்கள் கொடுத்ததாகச் சொல்லி சோவியத் அரசுக்கு ஒரு செய்தியும் கொண்டுபோய்க் கொடுத்தார். இது ஆங்கிலேயருக்கு எட்டாமல் இருக்குமா? அன்றிலிருந்து அவர் பெயர் ஏகாதிபத்தியத்தின் சந்தேகப் பட்டியலில் ஏறியது.

விளைவு 1927 அக்டோபரில் தெரிந்தது. லாசாவை நோக்கிச் சென்ற குழுவைத் திபெத்திய அதிகாரிகள் சாங்தாங் பீடபூமியில் நிறுத்திவிட்டார்கள். இதன் பின்னணியில் ஆங்கிலேயரின் எச்சரிக்கை இருந்தது. முன்னே போகவும் அனுமதி இல்லை, திரும்பவும் அனுமதி இல்லை. உள்ளூர்வாசிகளிடம் சாமான் வாங்கவும் தடை. நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில், கோடைக்காலக் கூடாரங்களில், மைனஸ் 40 டிகிரி வரை இறங்கிய குளிரில் ஐந்து மாதங்கள். குழுவில் ஐந்து பேர் இறந்தார்கள். நூற்றுச் சொச்சம் சுமை மிருகங்களில் பெரும்பாலானவை கூடாரங்களைச் சுற்றியே பட்டினியாலும் குளிராலும் செத்து விழுந்தன. அனுப்பிய கடிதங்களும் மனுக்களும் பதிலின்றித் திரும்பின. 1928 மார்ச்சில்தான் நகர அனுமதி கிடைத்தது. மே மாதம் சிக்கிம் வழியாக இந்தியா வந்து சேர்ந்தார்கள். லாசாவை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை.

பிரயாணத்தில் பிறந்த ஓவியங்கள் ஐந்நூறு என்பார்கள். அவற்றில் அந்தப் பட்டினியோ, பிணங்களோ, அவமானமோ இல்லை. அதே பனி மேட்டில் வெள்ளைச் சுவர்களோடு ஒரு மடாலயம், அதன்மேல் நீல மலை, அமைதி. இதைச் சிலர் குறையாகச் சொல்லுவார்கள். வாழ்க்கையின் கடுமையை மறைத்துவிட்டார் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு ஒரு கூரை, ஒரு தடித்த சுவர், உள்ளே எரியும் அடுப்பு என்றால் என்ன என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். பிரம்மாண்டமான மலைக்கு முன்னால் அந்தச் சின்ன வீடுகளை அவர் ஒருபோதும் பரிதாபமாக வரையவில்லை. அவை சிறியவை, ஆனால் நிமிர்ந்து நிற்கின்றன.

அவர் கையாண்ட முறையையும் சொல்ல வேண்டும். எண்ணெய் வண்ணம் நாளாவட்டத்தில் கறுக்கிறது என்பதால் அதை விட்டு டெம்பராவுக்கு மாறினார். நிறப்பொடியை முட்டைக்கருவிலோ பசையிலோ குழைத்துப் பூசும் பழைய முறை அது. சீக்கிரம் காயும், பளபளக்காது, சுண்ணாம்புச் சுவரில் தீட்டியது போல் மென்மையாகத் தெரியும். அஜந்தாவிலும் காய்ந்த பூச்சின்மேல் இவ்வகையில்தான் தீட்டினார்கள். மலையின் வறண்ட ஒளியைக் காட்ட இதைவிடப் பொருத்தமான சாதனம் இல்லை.

1928 டிசம்பரில் நக்கர் வந்தார்கள். மண்டி ராஜாவுக்குச் சொந்தமாக இருந்த ஒரு பங்களாவைப் பெற்றுக் குடியேறினார்கள். டார்ஜிலிங்கில் தொடங்கிய உருஸ்வதி என்ற இமாலய ஆராய்ச்சி நிலையமும் இங்கே மாறியது. உருஸ்வதி என்றால் விடியற்கால நட்சத்திரத்தின் ஒளி என்று அவர்கள் பொருள் கொண்டார்கள். மூத்த மகன் யூரி அதன் இயக்குநர். சம்ஸ்கிருதமும் திபெத்திய மொழியும் துறைபோகக் கற்றவர். மூலிகை சேகரிப்பு, திபெத்திய வைத்திய நூல்கள், மொழி ஆராய்ச்சி, தொல்பொருள் என்று வேலைகள் நடந்தன. கோடையில் ரோதாங்கைத் தாண்டி லாஹுலில் உள்ள கேலாங்கில் முகாம். மேலே சொன்ன கிராமப் படங்கள் பலவற்றுக்கு லாஹுலின் ஊர்களே மூலம். வீட்டு முற்றத்தில், குதிரைமேல் அமர்ந்த குகா சௌஹான் என்னும் நாட்டுப்புற தெய்வத்தின் கற்சிலை இருந்தது. அதையும் பல படங்களில் வரைந்திருக்கிறார்.

இங்கே ஒரு கஷ்டம் வந்தது. 1929ல் ரோரிக் வேலையாக அமெரிக்கா போனார். திரும்பி வர ஆங்கிலேய அரசு அனுமதி தர மறுத்துவிட்டது. ஹெலனா நக்கரில் உடல்நலம் குன்றி இருந்தார். மாதக்கணக்கில் மனுப் போட்டும் பலனில்லை. கடைசியில் 1930ல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குக் கப்பலில் வந்து, அங்கே உட்கார்ந்துகொண்டு அனுமதிக்காகக் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தையும் அவர் வீணாக்கவில்லை. புதுச்சேரி அருகே மண்ணில் புதைந்திருந்த முதுமக்கள் தாழிகளை மகனோடு சேர்ந்து அகழ்ந்து ஆராய்ந்தார். இஸ்வாராவில் மண்மேடு தோண்டிய சிறுவன் ஐம்பத்தாறு வயதில் தமிழ் மண்ணைத் தோண்டினார். பலரும் பலவாறு பரிந்துரைத்த பிறகு, டிசம்பரில்தான் மனைவியிடம் போய்ச் சேர முடிந்தது.

பழைய நகரங்களில் உதித்த எண்ணம் இந்தக் காலத்தில்தான் உடன்படிக்கையாக உருவெடுத்தது. யுத்த காலத்தில் ஆஸ்பத்திரிகளைச் செஞ்சிலுவை காப்பது போல, கோவில்களையும் நூலகங்களையும் கலைக்கூடங்களையும் பள்ளிகளையும் ஒரு கொடி காக்க வேண்டும் என்றார். வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டம். அதற்குள் மூன்று சிவப்புப் புள்ளிகள். 1935 ஏப்ரல் 15ஆம் தேதி வாஷிங்டனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் முன்னிலையில் அமெரிக்கக் கண்டத்தின் 21 நாடுகள் இதில் கையெழுத்திட்டன. ஐரோப்பிய வல்லரசுகள் எதுவும் சேரவில்லை. நாலு வருஷத்தில் யுத்தம் வந்தது. எந்தக் கட்டடங்களுக்காக அவர் மன்றாடினாரோ அவை ஆயிரக்கணக்கில் தரைமட்டமாயின. ஆனாலும் யுத்தகாலத்தில் பண்பாட்டுச் சொத்துக்களைக் காக்கும் 1954ஆம் ஆண்டின் ஹேக் சர்வதேச உடன்படிக்கைக்கு ரோரிக் உடன்படிக்கையே முன்னோடி.

கையெழுத்து நடந்த அன்று ரோரிக் வாஷிங்டனில் இல்லை. மங்கோலியப் புல்வெளியில் இருந்தார். வறட்சியைத் தாங்கும் புல் விதைகளைச் சேகரிக்க அமெரிக்க விவசாய இலாகா அவரை மஞ்சூரியாவுக்கு அனுப்பியிருந்தது. அனுப்பியவர் விவசாயத் துறைச் செயலர் ஹென்றி வாலஸ். ரோரிக்கிடம் ஆன்மிக ஈடுபாடு கொண்டு, குரு என்று விளித்தே கடிதம் எழுதியவர். போன இடத்தில் ரோரிக் தாவரவியல் நிபுணர்களோடு ஒத்துப்போகவில்லை. கொசாக் காவலர்களை வைத்துக்கொண்டு அரசியல் கலந்த பேச்சுக்களில் இறங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. வாலஸ் பதறிப்போய் உறவை அறவே முறித்துக்கொண்டார். அதே சமயம் லூயி ஹார்ஷும் எதிராகத் திரும்பினார். நியூயார்க்கில் 1929ல் எழுந்த இருபதுக்கும் மேற்பட்ட மாடிகள் கொண்ட கட்டடமும், அருங்காட்சியகமும், ஆயிரத்தை ஒட்டிய ஓவியங்களும் அவர் வசமாயின. போதாக்குறைக்கு வருமான வரி பாக்கி வழக்கு. ரோரிக் மறுபடி அமெரிக்க மண்ணை மிதிக்கவே முடியவில்லை.

அவரை ரிஷி என்று போற்றுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள். அவரைப் போலி என்று தூற்றுகிறவர்கள் இதை மட்டுமே பேசுகிறார்கள். மஹாத்மாக்களின் தூதராகத் தம்மைக் கருதிக்கொண்டு அரசியலில் தலையிட்டது விவேகமான காரியம் அல்ல என்றே சொல்லவேண்டும். ஹெலனா எழுதிய அக்னி யோகம் என்ற நூல்வரிசையின் உபதேசங்களை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் ஓவியரின் கை பொய் சொல்லவில்லை. அத்தனை வீழ்ச்சிக்கும் பிறகு நக்கர் வந்து, கடைசிப் பன்னிரண்டு வருஷங்களும் அநேகமாகத் தினந்தோறும் வரைந்தார். வாழ்நாளில் வரைந்தவை ஏழாயிரம் என்பது கணக்கு.

அமெரிக்கப் பணம் நின்றுபோனதால் ஆராய்ச்சி நிலையம் மெல்ல நலிந்தது. குடும்பச் செலவுக்கு ஓவியங்களை விற்க வேண்டியிருந்தது. நமக்கு அதுவே நன்மையாயிற்று. திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடம், காசி பாரத் கலா பவன், அலகாபாத் அருங்காட்சியகம் ஆகிய இடங்களில் அவர் படங்கள் இன்றும் இருக்கின்றன. பெங்களூரு சித்ரகலா பரிஷத்தில் தந்தை, மகன் இருவர் ஓவியங்களும் உண்டு. அந்த ஊர்களில் வசிக்கும் நம் உறுப்பினர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். அச்சில் இந்த நிறம் வராது.

1942 மே மாதம் ஜவஹர்லால் நேரு, மகள் இந்திராவுடன் நக்கர் வந்து தங்கினார். இளைய மகன் ஸ்வெதஸ்லாவ் நேருவின் உருவப்படத்தை வரைந்தார். இந்த ஸ்வெதஸ்லாவ்தான் 1945ல் பிரபல இந்தி நடிகை தேவிகா ராணியை மணந்து, பின்னாளில் பெங்களூருக்கு அருகே தாதகுனியில் வாழ்ந்தவர். யுத்த காலத்தில் தந்தையும் மகனும் ஓவியங்களை விற்ற பணத்தைச் சோவியத் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அனுப்பினார்கள். பிறந்த நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் ரோரிக்கை விடவில்லை. அனுமதி கேட்டு மாஸ்கோவுக்கு எழுதினார். அவர் உயிரோடு இருந்தவரை அது கிடைக்கவில்லை. நாடு சுதந்திரம் அடைந்த 1947ஆம் ஆண்டில் அவர் உடல் தளர்ந்துபோனது. அவ்வருஷம் டிசம்பர் 13ஆம் தேதி நக்கர் வீட்டில் காலமானார். வயது எழுபத்துமூன்று. இரண்டு நாள் கழித்து, வீட்டுக்குக் கீழே மலையைப் பார்த்த சரிவில் நம் முறைப்படி தகனம் நடந்தது. அங்கே நட்ட கல்லில் அவரை மஹரிஷி என்றும் இந்தியாவின் நண்பர் என்றும் குறித்திருக்கிறார்கள்.

ஹெலனா காலிம்பாங்கில் 1955ல் காலமானார். யூரி 1957ல் மாஸ்கோவுக்குத் திரும்பி, தந்தைக்குக் கிடைக்காத மண்ணில் மூன்று வருஷம் வாழ்ந்து 1960ல் மறைந்தார். ஸ்வெதஸ்லாவ் 1993 ஜனவரியிலும் தேவிகா ராணி அடுத்த ஆண்டிலும் காலமானார்கள். 1992ல் அமைந்த அறக்கட்டளை ஒன்று நக்கர் வீட்டைக் கண்காட்சியாகப் பராமரித்து வருகிறது. அவர்கள் பயன்படுத்திய பழைய டாட்ஜ் காரும் அங்கே இருக்கிறது.

ரோரிக் வரைந்த திபெத்திய மடாலயங்களும் கோட்டைகளும் பல 1960களில் இடிக்கப்பட்டன. 1970களில் இந்திய அரசு, ரவிவர்மா, தாகூர் குடும்பத்தினர் மூவர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில், சைலோஸ் முகர்ஜி ஆகியோருடன் நிக்கோலஸ் ரோரிக்கையும் சேர்த்து ஒன்பது ஓவியர்களின் படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வம் என அறிவித்தது. ஒன்பது பேரில் இந்திய ரத்தம் இல்லாதவர் இவர் ஒருவரே. இந்தியாவில் உள்ள இவர்களுடைய ஓவியங்களை எந்தத் தனிநபரும் நாட்டின் எல்லையைத் தாண்டி எடுத்துச் செல்லச் சட்டம் அனுமதிப்பதில்லை.